கையில் அடங்கிய நோய், காலில் அடங்காத தடுமாற்றம்: முடக்குவாதத்தில் சமநிலையும் உடலுணர்வும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இங்கே வரும் பெண் தனி ஒருவர் அல்லர். முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், மூட்டுகளை வீங்கவைக்கும் நோய்) பல ஆண்டுகளாக மருந்து எடுத்து, ரத்த அறிக்கை நன்றாக இருந்தும் தடுமாறி விழுபவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படுவதை ஒரே ஆளாகத் திரட்டியிருக்கிறோம். அவருடைய அளவீடுகள் அந்தப் படத்துக்கு ஏற்ப அமைத்தவை. சோதனை முறைகள், வரம்பு எண்கள், மருந்து பற்றிய விவரங்கள் ஆகியவை நடைமுறையில் உள்ளவை.

வந்த காரணம்

வயது 57. சிறு நகரத்தில் வீட்டிலேயே தையல் வேலை, மிதி மெஷின். எடை 60 கிலோ. சரவாங்கி என்று ஊரில் சொல்லப்படும் முடக்குவாதம் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இந்த நோய்க்கான ரத்தச் சோதனைகளான ருமட்டாய்டு காரணியும் சி.சி.பி. எதிர்ப்பொருளும் இரண்டுமே பாசிட்டிவ். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை 15 மி.கி., ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்சிகுளோரோகுயின் தினம் 200 மி.கி., பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 5 மி.கி. இவற்றோடு, தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பழகிய அல்பிரசோலம் 0.25 மி.கி. ஒன்று இரவில். இந்தக் கடைசி மாத்திரை எந்த மருந்துச் சீட்டிலும் இல்லை. மாத்திரைப் பையையே கொண்டுவரச் சொல்லிக் கொட்டிப் பார்த்ததில்தான் தெரிந்தது.

ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். முதல் முறை குளியலறையில், நின்றுகொண்டே தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் கண்ணை மூடித் தண்ணீர் ஊற்றும்போது. இரண்டாம் முறை விடியற்காலை நாலரை மணிக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில் கொல்லைப்புற நிலைப்படியைத் தாண்டும்போது. மூன்றாவது, விழாமல் தப்பித்தது: இடுப்பில் துணி மூட்டையோடு பேருந்திலிருந்து இறங்கும்போது கால் படியில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை, பின்னால் வந்தவர் பிடித்துக்கொண்டார்.

விழுந்த கதையைக் கேட்கும்போது “எங்கே விழுந்தீர்கள்” என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. “அந்த நொடியில் கண்ணால் எதைப் பார்க்க முடிந்தது” என்று கேட்க வேண்டும். இவருடைய மூன்று சம்பவங்களிலும் கண் உதவிக்கு இல்லை. ஒன்றில் மூடியிருந்தது, ஒன்றில் இருட்டு, ஒன்றில் மூட்டை மறைத்தது. நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று வழிகளில் செய்தி போகிறது: ஒன்று கண், இரண்டு உட்காது, மூன்றாவது உடம்பின் சதை, மூட்டு, தோல் சேர்ந்து தரும் உணர்வு. மூன்றில் ஒன்று நலிந்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். கண்ணை மூடியவுடன் ஒருவர் சாய்கிறார் என்றால், அதுவரை பெரும்பாலும் கண்தான் அவரை நிறுத்தி வைத்திருந்தது என்று பொருள். கண்ணை மூடி நிற்கச் சொல்லி ரோம்பெர்க் சோதனை என்று மருத்துவமனையில் செய்வதை இவர் தன் குளியலறையிலேயே செய்து தோற்றிருக்கிறார்.

தையல் பற்றிக் கேட்டபோது வந்த ஒரு தகவல் இதை உறுதிசெய்தது. ஓராண்டாக மிதிக்கட்டையைக் குனிந்து பார்த்துத்தான் மிதிக்கிறார். முன்பெல்லாம் துணியைப் பார்த்தபடியே கால் தானாக ஓடும்.

அறிக்கையில் ஏன் தெரியவில்லை

அவருடைய நோய்த் தீவிர மதிப்பெண் (28 மூட்டுகளின் வலி, வீக்கத்தை எண்ணிக் கணக்கிடும் டி.ஏ.எஸ்.28) 2.9. 2.6-க்குக் கீழே என்றால் நோய் தணிந்த நிலை, 3.2 வரை குறைந்த தீவிரம். ஆகவே கோப்பில் “நன்றாக உள்ளார், அதே மருந்து தொடரவும்” என்று எழுதியிருந்தது. எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்த 28 மூட்டுகள் எவை என்று பார்க்க வேண்டும்: தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, விரல் அடி மூட்டு 10, விரல் நடு மூட்டு 10 (கட்டைவிரலின் மூட்டு இதில் சேர்த்தி), முழங்கால் 2. கணுக்காலும் பாதமும் அதில் இல்லவே இல்லை. முடக்குவாதம் தொடக்கத்திலேயே பிடிக்கும் இடங்களில் கால்விரல்களின் அடி மூட்டுகளும் உண்டு. 28 மூட்டு எண்ணிக்கை மருந்தை மதிப்பிட உருவான கருவி. ஒருவர் தரையில் உறுதியாக நிற்பாரா என்று சொல்ல அது உருவாகவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லாமல் முடிகிற முடக்குவாதப் பரிசோதனை பாதிப் பரிசோதனைதான் என்பதில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

செருப்பைக் கழற்றியதும் தெரிந்தவை: இரு முன்பாதங்களையும் பக்கவாட்டில் அழுத்தினால் வலி. இரண்டாம், மூன்றாம் விரலடிக்குக் கீழே தடித்த ஆணிக்காய். விரல்கள் நகம்போல் வளைந்து தரையைத் தொடவில்லை. வலது கணுக்காலின் உள்பக்கம் வீக்கம், குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்து பாத வளைவு தட்டையாகிவிட்டது. “சரளைக்கல் மேல நடக்கிற மாதிரி இருக்கு” என்பது இந்தப் பாதம் உடையவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம். விரலடி எலும்புகளுக்குக் கீழே மெத்தைபோல் இருக்க வேண்டிய கொழுப்புத் திண்டு, விரல்கள் மேலே ஏறி வளையும்போது முன்னால் நகர்ந்துவிடும். எலும்பு நேராகத் தோலில் உட்காரும்.

உணர்வு எங்கே கெடுகிறது

மூட்டு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியின் பெரும்பகுதி தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகளிலிருந்து வருகிறது. மூட்டு உறை, தசைநார், உள்ளங்கால் தோல் இவையும் தம் பங்கைச் சேர்க்கின்றன. முடக்குவாதம் இவற்றைப் பல பக்கங்களிலிருந்து கெடுக்கிறது. உறை வீங்கி இழுபடும்போது உணரிகள் தவறான இழுவிசையைச் சொல்கின்றன. மூட்டுக்குள் நீர் சேர்ந்தால், முதுகுத்தண்டு மட்டத்திலேயே அருகிலுள்ள தசைக்குப் போகும் ஆணை அடக்கப்படுகிறது. ஆரோக்கியமான முழங்காலுக்குள் 20 முதல் 30 மி.லி. உப்புநீர் செலுத்தினாலே தொடையின் உள்பக்கத் தசை தளர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலியே இல்லாமலும் இது நடக்கும். அதனால்தான் “வலிக்கல, ஆனா கால் மடங்கிடுது” என்கிறார்கள். பல ஆண்டு ஸ்டீராய்டு இடுப்பு, தொடைத் தசைகளைக் கரைக்கிறது. தசை மெலிந்தால் நிமிரும் வலு குறைவதோடு, செய்தி அனுப்பும் உறுப்பும் நலிகிறது.

இதோடு இன்னொன்று உண்டு, இதைக் கருவியால் எளிதில் அளக்க முடியாது. வலிக்கிற பாதத்தை ஆண்டுக்கணக்கில் தவிர்த்துத் தவிர்த்து, மனம் அதைக் கவனத்திலிருந்தே ஒதுக்கிவிடுகிறது. எடையை மற்றக் காலுக்கு மாற்றியிருப்பது அவருக்கே தெரியாது. இதைக் காட்ட நாங்கள் நம்பும் சோதனை மிக மலிவானது. ஒரே மாதிரியான இரண்டு குளியலறை எடைக் கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நேரே பார்த்து நிற்கச் சொல்வது. “இரண்டு காலிலும் சமமாக நிற்கிறீர்களா?” “ஆமாம், சமமாகத்தான்.” முள் காட்டியது: இடது 37 கிலோ, வலது 23. அவருடைய முகத்தில் வந்த வியப்புதான் சிகிச்சையின் தொடக்கம்.

பயிற்சிக்கு முன் விலக்க வேண்டியவை

சமநிலைப் பயிற்சி என்றதும் ஸ்பாஞ்சின் மேல் ஏற்றிவிடுவது பெரிய தவறு. முடக்குவாதத்தில் முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்தின் முதல், இரண்டாம் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்து, தலையைக் குனியும்போது தண்டுவடம் நெரிபடலாம். அதுவும் தள்ளாட்டமாகவே வெளிப்படும். பிடரி வலி, குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, பொத்தான் போடக் கை தடுமாறுவது, கால் விறைப்பு, சிறுநீர் அவசரம் இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி நிற்க வேண்டும், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தட்டினால் தசை மிகையாகத் துடிக்கிறதா, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போகிறதா என்பதைச் சுத்தியலும் சாவியும் கொண்டு இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம்.

இவருக்கு அந்த அறிகுறிகள் இல்லை. ஆனாலும் குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. நேராக நிற்கும் ஒரு படத்தில் மட்டும் தளர்ச்சி தெரியாமல் போகலாம். இரு எலும்புகளின் முன் இடைவெளி குனியும்போது 4 மி.மீ. (பெரியவர்களுக்கு 3 மி.மீ. வரை இயல்பு), தண்டுவடத்துக்கு இடம் தரும் பின் இடைவெளி 19 மி.மீ. (14 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து). லேசான தளர்ச்சி, நெரிசல் இல்லை. முடிவு: பயிற்சி செய்யலாம், ஆனால் தலையை முழுவதும் குனிவதோ அண்ணாந்து சுழற்றுவதோ இல்லை. கழுத்தில் சொடுக்கு எடுப்பது, வர்மம் தட்டுவது என எதுவும் கூடாது. இதை வீட்டாருக்கும் சொல்லி, கோப்பின் முதல் பக்கத்திலும் எழுத வேண்டும். எந்த அறுவைக்கும் மயக்க மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

நரம்பு பக்கம்: 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கவை இரு பெருவிரல்களிலும் தெரிந்தது. தொடுவுணர்வைப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழையை ஆணிக்காய் தவிர மற்ற எல்லா இடத்திலும் உணர்ந்தார். ஆணிக்காயின் மேல் வைத்துச் சோதித்தால் நரம்புக் கோளாறு என்று தவறாக முடிவுகட்ட நேரும், பக்கத்துத் தோலில் வைக்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லை, வைட்டமின் பி12 இயல்பு. முடக்குவாதத்துக்கான இன்னொரு மருந்தான லெஃப்லுனோமைடு எடுப்பவராக இருந்தால் அதுவே நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்ததில் வேறுபாடு இல்லை. கண்: ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடங்கி 5 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரை பார்க்க வேண்டும். இவர் பார்த்து 6 ஆண்டாகிறது. இப்போது பார்த்ததில் விழித்திரை நலம், ஆனால் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வரும் வகைக் கண்புரை தொடங்கியிருக்கிறது. எலும்பு அடர்த்தியின் டி-மதிப்பெண் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட அளவு) இடுப்பில் −2.6. −2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் எலும்புமெலிவு நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்). இன்னொரு முறை விழுந்தால் இடுப்பு முறியும் என்ற அச்சம் வெறும் அச்சமல்ல.

அளவீடு

| சோதனை | தொடக்கம் | 12 வாரம் |
|---|---|---|
| ஒரு காலுக்கு முன் மறுகால் வைத்து நிற்றல் | 4 வினாடி | 10 வினாடி |
| ஒற்றைக் கால், இடது / வலது | 5 / 2 வினாடி | 8 / 4 வினாடி |
| ஸ்பாஞ்சு மேல், கண் மூடி | 5 வினாடி | 13 வினாடி |
| எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி உட்காருதல் | 14.8 வினாடி | 11.2 வினாடி |
| 5 முறை எழுந்து உட்காருதல் | 19 வினாடி | 13.6 வினாடி |
| கணுக்கால் கோணப் பிழை, வலது | 7 டிகிரி | 4 டிகிரி |
| விழும் அச்ச மதிப்பெண் (16 முதல் 64) | 41 | 29 |
| எடை, இடது / வலது | 37 / 23 கிலோ | 32 / 28 கிலோ |

கால் முன் கால் 10 வினாடி நிற்க முடியாமை, எழுந்து நடந்து திரும்ப 12 வினாடிக்கு மேல், ஐந்து முறை எழ 15 வினாடிக்கு மேல், அச்ச மதிப்பெண் 28 அல்லது அதற்கு மேல் இவை விழும் அபாயத்தைக் குறிக்கின்றன. இந்த வரம்புகளில் பல முதியவர்களுக்காக வகுத்தவை. 57 வயதிலேயே இவர் அதைத் தாண்டியிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோணப் பிழையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உயரமான மேசையில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, பாதத்தின் பக்கவாட்டில் கைப்பேசியைக் கட்டி, சாய்வுமானிச் செயலியைத் திறந்தால் போதும். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தை ஒரு கோணத்துக்கு மெதுவாகக் கொண்டுபோய் 5 வினாடி வைத்து, பழைய நிலைக்குத் திருப்பி, அதே கோணத்துக்கு அவரையே கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஐந்து முறை செய்து சராசரி. பாதத்தைப் பிடிக்கும்போது மேலும் கீழும் பிடிக்காமல் இரு பக்கத்திலும் பிடிக்க வேண்டும். மேலே அழுத்தினால் அந்த அழுத்தமே “கீழே போகிறது” என்று சொல்லிக்கொடுத்துவிடும். பெருவிரலில் செய்யும் வழக்கமான சோதனை முடக்குவாதத்தில் நம்பத் தகுந்ததல்ல. விறைத்த மூட்டு அசையும்போது வரும் வலியே திசையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எல்லாச் சோதனைகளும் காலை விறைப்பு தளர்ந்தபின், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். காலை 8 மணி அளவையும் மாலை 4 மணி அளவையும் ஒப்பிட்டு முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

முதலில் வீக்கம்

வீங்கிய கணுக்காலுக்குப் பயிற்சி கொடுத்து உணர்வைத் திருப்ப முடியாது. அல்ட்ராசவுண்டில் வலது கணுக்கால் மூட்டிலும், பாத வளைவைத் தாங்கும் உள்பக்கத் தசைநாரின் உறையிலும் அழற்சி தெரிந்தது. மூட்டுவாத மருத்துவர் மெத்தோட்ரெக்சேட்டை வாரம் 20 மி.கி. ஆக்கி, ரத்த அணுவும் ஈரலும் பார்க்கும் தேதிகளைக் குறித்தார். கணுக்கால் மூட்டுக்குள் ஒரு ஊசி போடப்பட்டது. தசைநார் உறைக்குள் போடவில்லை, அந்த நார் அறுந்தால் பாதம் நிரந்தரமாகத் தட்டையாகும். ஊசிக்குப்பின் இரண்டு நாள் கால் ஓய்வு. அல்பிரசோலம் ஒரேயடியாக நிறுத்தாமல் வாரங்கள் எடுத்துக் குறைக்கப்பட்டது. பிரெட்னிசோலோனையும் யாரும் தன்னிச்சையாக நிறுத்தக் கூடாது. எலும்புக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. சேர்ந்தது. மெத்தோட்ரெக்சேட்டும் வார மாத்திரைதான் என்பதால் ஒன்று ஞாயிறு, மற்றது புதன் என்று நாட்காட்டியிலேயே எழுதித் தரப்பட்டது. மெத்தோட்ரெக்சேட்டைத் தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதை ஒவ்வொரு வருகையிலும் சொன்னாலும் மிகையாகாது.

பன்னிரண்டு வாரம்

வாரம் இரண்டு நாள் இயன்முறை மருத்துவரோடு 45 நிமிடம், வீட்டில் ஐந்து நாள் 20 நிமிடம். நேரம் முற்பகல் 11-க்குப் பிறகு.

முதல் மூன்று வாரம் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே. இதைப் பலர் அலட்சியமாகத் தாண்டிவிடுகிறார்கள், எங்கள் கணிப்பில் இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம். கோணி, கோரைப்பாய், தென்னைநார் மிதியடி, பழைய பருத்திப் புடவை நான்கையும் வரிசையாக வைத்து, கண்ணை மூடி எதன்மேல் கால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். குதிகால், வெளி விளிம்பு, முன்பாதம் என்று தனித்தனியாக 5 நிமிடம். பிறகு எடைக் கருவிகளின் மேல் நின்று, இரு பக்கமும் நாற்காலி முதுகு இருக்க, வலது காலில் 25 கிலோ வருவதாகத் தோன்றும் வரை சாய்ந்து, எண்ணை வாயால் சொல்லி, அதன்பிறகே முள்ளைப் பார்க்க வேண்டும். பத்து முறை. சொன்னதற்கும் முள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதினார். முதல் வாரம் 6 கிலோ வரை தவறியது, மூன்றாம் வாரம் 2 கிலோவுக்குள் வந்தது. முள்ளைப் பார்த்துக்கொண்டே சமமாக நிற்பது கண்ணுக்குப் பயிற்சி. சொல்லிவிட்டுப் பார்ப்பதுதான் காலுக்குப் பயிற்சி.

தையல் மெஷினும் கருவியானது. ஊசியைக் கழற்றிவிட்டு, பட்டையையும் எடுத்துவிட்டு, கண்ணை மூடி மிதிக்கட்டையைப் பாதி வழியில் நிறுத்திப் பிறகு பார்ப்பது. தினமும் அதில் உட்காருகிறவர் என்பதால் எந்தத் தாளில் எழுதிக் கொடுத்த பயிற்சியையும்விட இதை அவர் விடாமல் செய்தார்.

வலுவுக்கு: முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை 6 வினாடி அழுத்துதல், 10 முறை. விரல்களை மடக்காமல் பாத வளைவை மட்டும் உயர்த்திச் சுருக்குதல், 5 வினாடி, 10 முறை. 50 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து எழுதல், 6 முறை இரண்டு சுற்று. எழும்போது முஷ்டியால் ஊன்றித் தள்ளுவதே முடக்குவாதக்காரர்களின் வழக்கம். அது விரலடி மூட்டுகளை மேலும் விலக்குகிறது. முன்கைகளைத் தொடையில் வைத்து முன்சாய்ந்து எழப் பழக்க வேண்டும்.

நான்காம் வாரத்திலிருந்து நின்றபடி. இடம் சமையல் மேடையின் மூலை, முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் மேடை. ஆபத்தில் விரலால் பிடிக்க இவரால் முடியாது. அதனால் கம்பியைப் பற்றச் சொல்வதற்குப் பதில் முன்கையை மேடையில் சாய்த்துத் தாங்கக் கற்பித்தோம். பாதங்கள் சேர்த்து, பிறகு பாதி முன்னால், பிறகு முழுவதும் ஒன்றின் முன் ஒன்று. ஒவ்வொன்றும் 30 வினாடி, மூன்று முறை. ஒன்றில் இரண்டு நாள் தொடர்ந்து 30 வினாடி நிற்க முடிந்தால்தான் அடுத்தது. குதிகால் உயர்த்துவது பாதி உயரம் மட்டும், மெத்தைச் செருப்போடு. முழு உயரம் போனால் எடை முழுவதும் விரலடி மூட்டில் விழும். இடுப்புத் தசையின் வலுவுக்கு மீள்பட்டை கட்டிப் பக்கவாட்டில் கால் நகர்த்தல், பட்டை முழங்காலுக்கு மேலே, கையில் பிடிக்கும் வகை வேண்டாம்.

வலிக்கு விதி: 10-க்கு எவ்வளவு என்று தொடங்கும்போது கேட்டு, பயிற்சியில் இரண்டுக்கு மேல் கூடக் கூடாது, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். நோய் கிளர்ந்த நாளில் நிற்கும் பயிற்சி இல்லை. மூட்டை மெதுவாக அசைப்பதும், தசையை இறுக்கி விடுவதும், கண்ணை மூடித் துணி அறிவதும் மட்டும். முழுவதும் நிறுத்திவிட்டால் மறுபடி தொடங்குவது கடினம்.

ஒன்பதாம் வாரம் முதல் நடை: கோட்டின் மேல் நடை, பின்னோக்கி நடை, 10 செ.மீ. தடையைத் தாண்டல், 15 செ.மீ. பலகையிலிருந்து இறங்கல். பக்கம் திரும்பும்போது கழுத்தை மட்டும் திருப்பாமல் தோளோடு திரும்பல். நடந்தபடியே மளிகைப் பட்டியல் சொல்லல். கடைசியாகப் பட்டி கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயவிட்டு, சாய்வதற்குள் அடி எடுத்து வைக்கும் பயிற்சி. விழாமல் நிற்பது ஒரு திறமை, தடுமாறிய பின் அடி எடுத்து வைப்பது வேறொரு திறமை. இரண்டாவதை யாரும் கற்றுத்தருவதில்லை.

ஐந்தாம் வாரத் தவறு

ஐந்தாம் வாரம் ஒரே நாளில் இரண்டு புதுமைகள் நுழைந்தன: புதிய உள்ளங்கால் திண்டு, அதோடு பயிற்சியில் முதல் முறையாக ஸ்பாஞ்சு. மறுநாள் வலது முன்பாதம் வீங்கிவிட்டது. எது காரணம் என்று சொல்ல முடியவில்லை, இரண்டையும் நிறுத்தி ஒரு வாரம் போனது. வாரத்துக்கு ஒரு மாற்றம் என்ற விதியை நாம் மீறியதன் விலை அது.

பிறகு பார்த்ததில் திண்டு 1 செ.மீ. முன்னால் ஒட்டியிருந்தது. விரலடி எலும்புத் திண்டு எலும்பின் தலைக்கு நேர் கீழே வரக் கூடாது. அதற்குப் பின்னால் நின்று எலும்பைத் தூக்கித் தர வேண்டும். சரியான இடம் காண எளிய வழி: ஆணிக்காயின் மேல் ஈரக் குங்குமம் வைத்து, உள்ளங்கால் அட்டையின் மேல் ஏறி நிற்கச் செய்தால் அடையாளம் பதியும். திண்டின் முன் விளிம்பு அந்த அடையாளத்துக்கு 5 முதல் 10 மி.மீ. பின்னால். ஒட்டும் முன் இரண்டு நாள் டேப் போட்டு நடந்து பார்க்க வேண்டும்.

ஸ்பாஞ்சு எட்டாம் வாரம்தான் திரும்பி வந்தது, 5 செ.மீ. அடர்த்தியான வகை, செருப்போடு. விரல் தரையைத் தொடாத பாதத்தை வெறுங்காலோடு மெத்தையில் ஏற்றினால், சமநிலைக்காகப் பிடிக்க விரலில்லாமல் கணுக்கால் மட்டும் தத்தளிக்கும்.

செருப்பும் வீடும்

நல்ல உள்ளங்கால் அட்டை செய்து வெளிச்செருப்பில் வைத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது நம் ஊரில் பலிக்காது. இந்தப் பெண் நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் வீட்டுக்குள் வெறுங்காலோடு இருக்கிறார், இரண்டு முறையும் விழுந்தது வெறுங்காலோடுதான். ஆகவே எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த, பின்பட்டையுள்ள ஒரு ஜோடி வீட்டுக்குள் மட்டும் போட. பூஜையறையில் கழற்றிவிட்டு, சுவரில் முன்கையைச் சாய்த்து நிற்க ஓர் இடம். இதை மாமியார் முன்னிலையில் விளக்கியபின்தான் அது வீட்டில் ஏற்கப்பட்டது. பக்கிளைக் குத்தும் வார் அவர் விரலுக்கு ஆகாது, ஒட்டுப்பட்டை வேண்டும். தடித்த, மிக மெத்தென்ற அடிப்பாகமும் வேண்டாம். சுகமாக இருக்கும், ஆனால் தரையின் செய்தி காலுக்கு வராது.

குளியலறையில் முக்காலி, தலைக்குக் குளிப்பது உட்கார்ந்து மட்டும். படுக்கையிலிருந்து கொல்லைவரை மின்கலத்தில் எரியும் மூன்று சிறு விளக்குகள். நிலைப்படியின் விளிம்பில் வெள்ளைப் பட்டை. புடவைக் கரை கணுக்காலுக்கு மேல். கழிப்பறையில் கம்பியைத் துணி சுற்றித் தடிமனாக்கி, முன்கை சாயும் உயரத்தில் கிடையாக. கைத்தடி இடது கையில், பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில், உள்ளங்கை முழுவதும் படியும் அகலப் பிடி. வளைந்த குடைப்பிடி விரல்களைச் சுண்டுவிரல் பக்கம் மேலும் தள்ளும்.

விழுந்தால் எழும் முறையும் பழக்கப்பட்டது: பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, இரு முன்கைகளும் முழங்கால்களும் தரையில் படத் தவழ்ந்து நாற்காலிவரை போய், முன்கைகளை இருக்கையில் வைத்து, வலுவுள்ள இடக்காலை முன்வைத்து எழுதல். மணிக்கட்டை ஊன்றக் கூடாது. இதைப் பழகிய வாரத்தில்தான் அச்ச மதிப்பெண் கண்ணெதிரே இறங்கியது.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

அட்டவணை எண்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் இதே சோதனையை மீண்டும் செய்தாலே சில வினாடி கூடும். மருந்து கூட்டியதும் கணுக்கால் ஊசியும் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு நோயாளியால் முடியாது. 12 வாரத்தில் விழவில்லை என்பதும் ஆதாரமல்ல, அதற்குமுன் ஆறு மாதத்தில் இரண்டே முறைதான் விழுந்திருக்கிறார். முடக்குவாதத்தில் சமநிலைப் பயிற்சியை மட்டும் தனியாகச் சோதித்த தகுதியான ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று 2010-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மறுஆய்வு எழுதியது. 2018-இல் ஐரோப்பிய மூட்டுவாதக் கூட்டமைப்பான யூலார் வெளியிட்ட உடற்பயிற்சிப் பரிந்துரைகள், இதயத் திறன், வலு, நெகிழ்வு இவற்றோடு நரம்பு–தசை ஒத்திசைவையும் சேர்த்துக்கொள்கின்றன. அதைத் தாண்டி உறுதி கூறுவது நேர்மையாகாது.

எடைக் கருவியில் சமநிலை திரும்பியதும், மிதிக்கட்டையைப் பார்க்காமல் மிதிப்பதும் எங்களுக்கு வினாடிகளைவிட எடை கூடிய சான்று. முழுதாகச் சீராகாததும் உண்டு: கண்ணை மூடி ஸ்பாஞ்சில் 13 வினாடிதான். விரல்கள் தரையைத் தொடப்போவதில்லை. இருட்டு இவருக்கு இனியும் ஆபத்துதான், விளக்குகள் நிரந்தரம்.

ஆறாம் மாதம் வந்தபோது வீட்டுப் பயிற்சி வாரம் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தது, எழுந்து நடந்து திரும்ப 12.1 வினாடி. தீபாவளித் தையல் நெருக்கடி என்றார். மெஷினில் உட்காருமுன் ஐந்து நிமிடம், எழுந்தபின் ஐந்து நிமிடம் என்று பயிற்சி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த வருகைக்குக் குறித்திருப்பவை: கண்புரை மருத்துவரின் கருத்து, ஓராண்டில் மீண்டும் கழுத்து எக்ஸ்ரே, ஒவ்வொரு முறையும் 28 மூட்டோடு கணுக்கால், பாத எண்ணிக்கை தனியாக, இரண்டு எடைக் கருவிகள்.